ஸ்பிரிங் பூட் சர்வரில் கூகுள், கிட்ஹப், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் வழி உள்நுழைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் பூட் கட்டமைப்பில் எழுதிய வலைச் செயலிக்கு வெளி நிறுவனங்களின் வழியாக உள்நுழைவு அமைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கூகுள், கிட்ஹப் போன்ற அந்த நிறுவனங்களை இப்பக்கம் முழுவதும் வழங்குநர் என்றே குறிப்பிடுகிறேன். ஜாங்கோவோ லாராவெல்லோ பயன்படுத்துவோருக்கு அமைப்புகளின் பெயர்கள் மாறுமே தவிர, அடிப்படை விதிகள் இவைதாம். நேரம் இல்லாதவர்கள் 8, 9 ஆகிய இரண்டை மட்டுமாவது படித்துவிடுங்கள். மற்றவற்றில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் உள்நுழைவு நடக்காமல் போகும், உடனே தெரிந்துவிடும். அவ்விரண்டில் பிழை நேர்ந்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும், ஆனால் ஒருவருடைய கணக்கை இன்னொருவர் திறந்துவிட முடியும்.

1. கூகுள் வழியாக ஒருவர் உள்ளே வந்தால் அவருடைய கடவுச்சொல் நம் சர்வருக்கு வருமா?

வராது. பயனர் பொத்தானை அழுத்தியதும் உங்கள் சர்வர் அவருடைய உலாவியைக் கூகுளின் பக்கத்துக்கு அனுப்புகிறது. அவர் கடவுச்சொல்லை அங்கேதான் தருகிறார். கூகுள் அவரை ஒரு தற்காலிகக் குறியீட்டோடு உங்கள் தளத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் குறியீட்டையும் தன்னிடமுள்ள சீக்ரெட்டையும் (பதிவு செய்யும்போது கூகுள் தந்த இரகசியச் சொல்) சேர்த்து உங்கள் சர்வர் நேரடியாகக் கூகுளிடம் கொடுத்து, அனுமதிச் சீட்டுப் போன்ற டோக்கனைப் பெற்றுக்கொள்கிறது. இந்தக் கடைசிப் பரிமாற்றம் உலாவியைத் தொடாமல் சர்வருக்கும் சர்வருக்கும் இடையே நடப்பதால்தான் டோக்கன் வெளியே கசியாமல் இருக்கிறது.

2. ஓஆத் என்கிறார்கள், ஓப்பன்ஐடி கனெக்ட் என்கிறார்கள். இரண்டில் எனக்கு எது வேண்டும்?

உள்நுழைவுக்கு வேண்டியது ஓப்பன்ஐடி கனெக்ட். 2012இல் ஆர்.எஃப்.சி. 6749 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்த ஓஆத் 2.0, ஒரு பயனரின் தரவை அணுக ஒரு செயலிக்கு அனுமதி தருவது எப்படி என்பதை மட்டுமே வரையறுத்தது. வந்திருப்பவர் யார் என்பதைச் சொல்லும் முறையை அது வரையறுக்கவில்லை. அந்தக் குறையை நிரப்ப 2014இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட், வழங்குநர் கையொப்பமிட்ட ஐடி டோக்கனைச் சேர்த்தது. அதை யார் வெளியிட்டார், எந்தச் செயலிக்காக வெளியிட்டார், யாரைப் பற்றியது, எப்போது காலாவதியாகும் என்பன எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், நாமே நிறுவி ஓட்டக்கூடிய உள்நுழைவு சர்வரான கீகிளோக் ஆகியவை ஐடி டோக்கன் தருகின்றன. கிட்ஹப்பின் பயனர் உள்நுழைவு வெறும் ஓஆத் மட்டுமே. ஐடி டோக்கன் கிடைக்காது என்பதால், பெற்ற அணுகல் டோக்கனைக் கொண்டு பயனர் விவரத்தைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். ஸ்பிரிங்கின் பாதுகாப்புப் பகுதியான ஸ்பிரிங் செக்யூரிட்டி இரண்டையும் தானே கையாளும். உங்கள் நிரலில் மட்டும் முன்னதற்கு ஒரு வகைப் பயனர் பொருளும் பின்னதற்கு வேறு வகைப் பொருளும் வரும்.

3. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

வழங்குநரிடம் உங்கள் செயலியைப் பதிவு செய்ய வேண்டும். கூகுள் என்றால் கிளவுட் கன்சோலில் ஒரு ப்ராஜெக்ட் உருவாக்கி, ஒப்புதல் திரையை நிரப்பி, வெப் அப்ளிகேஷன் என்ற வகையில் ஒரு கிளையன்ட் உருவாக்குங்கள். கிளையன்ட் ஐடியும் சீக்ரெட்டும் கிடைக்கும். திரும்பி வர வேண்டிய முகவரியாகிய ரீடைரெக்ட் யூஆர்ஐயையும் அங்கேயே பதிய வேண்டும். ஸ்பிரிங்கின் இயல்பான அமைப்பில் அது உங்கள் தளத்தின் முகவரியைத் தொடர்ந்து லாகின், ஓஆத்2, கோட் என மூன்று பகுதிகள் சாய்கோடிட்டு வந்து, இறுதியில் உங்கள் அமைப்புக் கோப்பில் அந்தப் பதிவுக்கு நீங்கள் வைத்த பெயருடன் முடியும்.

சர்வர் பக்கத்தில் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக், நிறுவனங்களுக்கான உள்நுழைவுச் சேவையாகிய ஆக்டா ஆகியவற்றின் முகவரிகள் ஸ்பிரிங்கிலேயே இருப்பதால் ஐடியும் சீக்ரெட்டும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஆக்டாவுக்கு மட்டும் உங்கள் நிறுவனத்துக்குரிய முகவரியையும் சேர்த்துத் தர வேண்டும்.

4. ரீடைரெக்ட் யூஆர்ஐ பொருந்தவில்லை என்று பிழை வருகிறது. நான் சரியாகத்தானே கொடுத்திருக்கிறேன்?

கண்ணுக்குச் சரியாகத் தெரிவது போதாது. பதிவு செய்த முகவரியும் சர்வர் அனுப்பும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் உள்ள வேறுபாடு, முன்னால் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. இருப்பதும் இல்லாததும், போர்ட் எண், இறுதியில் வரும் ஒற்றைச் சாய்கோடு என எதில் மாறினாலும் கூகுள் மறுத்துவிடும். மைக்ரோசாஃப்டில் இதே தவறு ஏஏடிஎஸ்டிஎஸ் 50011 என்ற எண்ணோடு வரும்.

ஊகிக்காமல் பார்த்துத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பிழைப் பக்கம் வந்ததும் உலாவியின் முகவரிப் பட்டையிலோ நெட்வொர்க் பகுதியிலோ உங்கள் சர்வர் அனுப்பிய முகவரியைத் தேடி எடுங்கள். அதை அப்படியே நகலெடுத்துப் பதிவில் உள்ளதன் கீழே வைத்து ஒப்பிடுங்கள். கூகுளில் ஜாவாஸ்கிரிப்ட் ஆரிஜின் என்றொரு பெட்டியும் அருகிலேயே இருக்கிறது; பலர் முகவரியை அதில் போட்டுவிடுகிறார்கள். கன்சோலில் திருத்திய உடனேயே மாற்றம் நடைமுறைக்கு வராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள், சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை ஆகலாம். கிட்ஹப் ஓஆத் ஆப்பில் திரும்பி வரும் முகவரியாக ஒன்றைத்தான் பதிய முடியும், ஆகவே சோதனைக்கு ஒன்றும் பொதுப் பயன்பாட்டுக்கு ஒன்றுமாகத் தனித்தனிப் பதிவு வைத்துக்கொள்வதே நல்லது.

5. என் கணினியில் நன்றாக ஓடுகிறது. சர்வரில் ஏற்றியதும் எச்டிடிபிஎஸ் போய் எச்டிடிபி ஆகிவிடுகிறது. ஏன்?

உங்கள் செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸியோ லோட் பேலன்சரோ இருக்கிறது. பயனரிடமிருந்து வரும் எச்டிடிபிஎஸ் இணைப்பு அங்கேயே முடிந்து, உள்ளே இருக்கும் செயலிக்கு வெறும் எச்டிடிபியாகவே வருகிறது. ஸ்பிரிங் தனக்கு வந்த கோரிக்கையைப் பார்த்துத்தான் திரும்பி வரும் முகவரியைக் கட்டுகிறது, ஆகவே எச்டிடிபி என்று எழுதுகிறது. அதன்பின் நடப்பது 4ஆம் கேள்வியில் சொன்ன பிழையே.

ப்ராக்ஸியில் ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஆகிய இரு ஹெடர்களையும் அனுப்பச் சொல்லுங்கள். செயலியில் சர்வர் ஃபார்வர்ட் ஹெடர்ஸ் ஸ்ட்ராட்டஜி என்ற அமைப்புக்கு ஃபிரேம்வொர்க் என்ற மதிப்பைக் கொடுங்கள். இதைச் செய்யும்போது செயலியின் போர்ட் வெளியுலகுக்கு நேரடியாகத் திறந்திருக்கக் கூடாது. திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த ஹெடர்களைத் தாமே எழுதி அனுப்பி, உங்கள் சர்வர் கட்டும் முகவரிகளை மாற்ற முடியும். பிழை வருகிறதே என்று வழங்குநரிடம் எச்டிடிபி முகவரியைப் பதிய முயல்வோர் உண்டு. லோக்கல்ஹோஸ்ட் தவிர வேறெதற்கும் கூகுள் அதை ஏற்பதில்லை, ஏற்காததும் சரியே.

6. சீக்ரெட்டை எங்கே வைப்பது? தெரியாமல் கிட்டில் ஏற்றிவிட்டால் அந்தக் கமிட்டை அழித்தால் போதுமா?

சூழல் மாறியிலோ சீக்ரெட் மேலாண்மைக் கருவியிலோ வையுங்கள். ஸ்பிரிங் பூட் சூழல் மாறிகளைத் தானே படித்துக்கொள்ளும் என்பதால் அமைப்புக் கோப்பில் சீக்ரெட்டை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஏற்றிவிட்டீர்கள் என்றால் கமிட்டை அழிப்பது போதாது. வரலாற்றிலும் பிறர் எடுத்த நகல்களிலும் அது இருக்கும், பொதுக் களஞ்சியங்களைச் சீக்ரெட்டுக்காகவே துழாவும் நிரல்களும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. வழங்குநரிடம் புதிய சீக்ரெட் உருவாக்கி, சர்வரில் மாற்றி, பழையதை முடக்குங்கள். கூகுளில் ஒரே நேரத்தில் இரண்டு சீக்ரெட் செல்லுபடியாக இருக்கலாம் என்பதால் சேவையை நிறுத்தாமலே மாற்றிவிடலாம்.

மைக்ரோசாஃப்டில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். அங்கே சீக்ரெட்டுக்கு ஐடி என ஒன்றும் வேல்யூ என ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது வேல்யூ, அது உருவாக்கிய அந்த வேளையில் மட்டுமே முழுமையாகத் தெரியும். மேலும் போர்ட்டலில் உருவாக்கும் சீக்ரெட்டின் ஆயுள் அதிகம் போனால் 24 மாதம். முடியும் நாளை உருவாக்கும்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காத தளங்களில் யாரும் எதையும் மாற்றாத ஒரு நாளில் திடீரென எல்லாருடைய உள்நுழைவும் நின்றுபோகும், அப்போது லாகில் ஏஏடிஎஸ்டிஎஸ் 7000222 என்ற எண் இருக்கும்.

7. கூகுளுக்குப் போய் ஒப்புதல் தந்த பிறகு மறுபடியும் உள்நுழைவுப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. லாகில் ஆத்தரைசேஷன் ரிக்வெஸ்ட் நாட் ஃபவுண்ட் என்று இருக்கிறது.

பயனரைக் கூகுளுக்கு அனுப்பும்போது ஸ்பிரிங், ஸ்டேட் என்ற ஊகிக்க முடியாத மதிப்பை உருவாக்கி, அந்தப் பயனரின் வருகைக்கென்று சர்வர் வைத்திருக்கும் பதிவாகிய செஷனில் வைத்துக்கொண்டு, அதையே கூகுளிடமும் கொடுத்தனுப்புகிறது. திரும்பி வருபவரிடம் அதே மதிப்பு இருக்கிறதா என்று ஒப்பிடுகிறது. வேறொருவர் தொடங்கிய உள்நுழைவை உங்கள் பயனரின் உலாவியில் முடித்துவைக்கும் தாக்குதலைத் தடுப்பது இதுதான். உங்களுக்கு வந்திருக்கும் பிழையின் பொருள், திரும்பி வந்தபோது அந்தச் செஷன் கிடைக்கவில்லை என்பதே.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி 127.0.0.1 என்று திரும்பி வந்தால் உலாவிக்கு அவை இரண்டு வேறு தளங்கள், செஷனை அடையாளம் காட்டும் குக்கி வராது. ஒரே கணினியில் இரண்டு செயலிகள் வேறு வேறு போர்ட்டில் ஓடினால், குக்கி போர்ட்டைப் பார்ப்பதில்லை என்பதால் ஒன்றின் செஷன் குக்கியை மற்றொன்று அழித்து எழுதிவிடும். ஒன்றின் குக்கிப் பெயரை மாற்றிவிடுங்கள். வெளித் தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்பதைச் சொல்லும் சேம்சைட் மதிப்பு செஷன் குக்கியில் ஸ்டிரிக்ட் என இருந்தால் கூகுளிடமிருந்து திரும்பும்போது உலாவி அதை அனுப்பாது, லேக்ஸ் என்று மாற்ற வேண்டும். லோட் பேலன்சருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருந்தால், போனவர் ஒன்றிலிருந்து புறப்பட்டு வேறொன்றுக்குத் திரும்பியிருப்பார். செஷனை ரெடிஸ் போன்ற பொது இடத்தில் வைப்பதே நிலையான தீர்வு. ஸ்டேட் சோதனையையே நீக்கிவிடும் குறுக்குவழியை எடுத்துவிடாதீர்கள்.

8. பயனரை மின்னஞ்சல் முகவரியை வைத்து அடையாளம் காணலாம்தானே? எல்லா வழங்குநரும் அதைத்தானே தருகிறார்கள்?

கூடாது. இந்தப் பக்கத்திலேயே மிக அழுத்தமாகச் சொல்ல விரும்பும் விடை இது. மின்னஞ்சல் என்பது ஒருவரைத் தொடர்புகொள்ளும் முகவரி. அது மாறும், கைமாறவும் செய்யும். ஒருவர் வேலையை விட்டுப் போனபின் அவருடைய முகவரியை அதே பெயருள்ள புதியவருக்கு நிறுவனம் கொடுக்கலாம். மூடப்பட்ட நிறுவனத்தின் டொமைனை வேறொருவர் வாங்கி, பழைய முகவரிகளை எல்லாம் மறுபடி உருவாக்கலாம். மைக்ரோசாஃப்டின் நிறுவனக் கணக்குச் சேவையான என்ட்ராவில் ஒரு நிறுவனத்தின் நிர்வாகி தன் பயனரின் மின்னஞ்சல் புலத்தில் தன்னுடையதல்லாத முகவரியை எழுத முடிந்ததும், அந்தப் புலத்தை நம்பிய செயலிகளில் பிறர் கணக்கைக் கைப்பற்ற முடிந்ததும் 2023 ஜூனில் டெஸ்கோப் என்ற நிறுவனத்தினரால் வெளிக்கொணரப்பட்டு என்ஓஆத் என்ற பெயரில் அறியப்பட்டன.

அடையாளமாகக் கொள்ள வேண்டியவை இரண்டு: டோக்கனை வெளியிட்டவரைக் குறிக்கும் ஐஎஸ்எஸ், பயனரைக் குறிக்கும் சப். இரண்டும் சேர்ந்த இணைதான் தரவுத்தளத்தில் தனித்துவமான சாவியாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒரு சப் மதிப்பு ஒரு வழங்குநருக்குள் மட்டுமே தனித்துவமானது. பயனர் அட்டவணையிலேயே கூகுள் ஐடி, கிட்ஹப் ஐடி என்று பத்திகளைச் சேர்த்துக்கொண்டே போகாமல், வெளி அடையாளங்களுக்கென்று தனி அட்டவணை வைத்து ஒரு பயனருக்குப் பல வரிசைகள் இருக்கும்படி அமையுங்கள். கிட்ஹப்பில் எண்ணாக வரும் ஐடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பயனர்பெயரை மாற்றிக்கொள்ள முடியும், அவர் விட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் முடியும்.

இன்னொரு நுணுக்கம். கூகுள் ஒரு பயனருக்கு எல்லாச் செயலிகளிலும் ஒரே சப் தருகிறது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு செயலிப் பதிவுக்கும் வேறு சப் தருகிறது. நாளை நீங்கள் அங்கே பழைய பதிவை அழித்துப் புதிதாகப் பதிந்தால், உங்கள் பயனர் அனைவரும் புதியவர்களாகத் தோன்றுவார்கள். மைக்ரோசாஃப்டுக்கு மட்டும் பயனரைக் குறிக்கும் ஓஐடி, அவருடைய நிறுவனத்தைக் குறிக்கும் டிஐடி ஆகிய இரண்டையும் சேர்த்துச் சேமித்து வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

9. ஒருவர் ஏற்கெனவே எங்கள் தளத்தில் கடவுச்சொல்லோடு கணக்கு வைத்திருக்கிறார். இப்போது அதே மின்னஞ்சலுடன் கூகுள் வழியாக வருகிறார். இரண்டையும் தானாக இணைத்துவிடலாமா?

வசதியாகத் தெரியும், ஆனால் தானாக இணைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இருபக்கத்திலிருந்தும் ஆபத்து உண்டு. வழங்குநர் சரிபார்க்காத மின்னஞ்சலை அனுப்பினால், வேறொருவரின் முகவரியை அங்கே எழுதி வைத்தவர் இங்கே அவருடைய கணக்குக்குள் வந்துவிடுவார். மறுபக்கம் பலருக்குத் தோன்றுவதில்லை. உங்கள் தளம் மின்னஞ்சலைச் சரிபார்க்காமல் பதிவை ஏற்றால், ஒரு தீயவர் முன்கூட்டியே உரியவரின் முகவரியில் தன் கடவுச்சொல்லோடு கணக்கைத் திறந்து வைத்துக் காத்திருக்கலாம். உரியவர் பின்னால் கூகுள் வழியாக வந்து, கணக்கும் இணைந்து, தன் தரவை எல்லாம் அதில் சேர்த்த பிறகு அந்தத் தீயவர் பழைய கடவுச்சொல்லோடு உள்ளே வருவார்.

பாதுகாப்பான முறை இது. அந்த மின்னஞ்சலில் கணக்கு இருப்பதைக் கண்டால், புதியதை உருவாக்காமலும் இணைக்காமலும் நிறுத்தி, ‘உங்கள் பழைய முறையில் ஒருமுறை உள்நுழையுங்கள்’ என்று கேளுங்கள். அவர் கடவுச்சொல்லைத் தந்து உள்ளே வந்தபின், அமைப்புகள் பக்கத்தில் கூகுளை இணைக்கும் பொத்தானை அவரே அழுத்தட்டும். கடவுச்சொல்லை மறந்தவர் மீட்பு வழியில் வரட்டும். ஒரு படி கூடுகிறது என்று வாடிக்கையாளர் தரப்பில் குறை சொல்வார்கள்; வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வரும் அந்தப் படியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

10. கிட்ஹப் வழியாக வருபவர்களில் சிலருக்கு மின்னஞ்சல் காலியாக வருகிறதே?

அவர்கள் தங்கள் முகவரியைப் பொதுவில் காட்டாமல் வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் இயல்பாகக் கிட்ஹப்பிடம் கேட்கும் அனுமதி பயனர் விவரத்துக்கு மட்டுமே. யூசர் ஈமெயில் என்ற ஸ்கோப்பையும் (கேட்கும் அனுமதியின் பெயர்) சேர்த்து, மின்னஞ்சல் பட்டியலைத் தரும் தனி முகவரியை அழைத்து, அதில் முதன்மையானது என்றும் சரிபார்க்கப்பட்டது என்றும் இரண்டு குறியும் உள்ளதை மட்டும் எடுங்கள். ஃபேஸ்புக்கில் கைப்பேசி எண்ணில் கணக்குத் திறந்தவரிடம் மின்னஞ்சலே இல்லாமல் இருக்கலாம். ஆகவே மின்னஞ்சல் இல்லாத பயனரையும் ஏற்கும்படி தரவுத்தளத்தை அமைத்து, தேவையானால் நீங்களே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

11. எங்கள் நிறுவனத்தார் மட்டும் கூகுள் வழியாக வர வேண்டும். மின்னஞ்சலின் இறுதிப் பகுதியைப் பார்த்தால் போதாதா?

போதாது, காரணம் 8ஆம் விடையில் இருக்கிறது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்கு ஐடி டோக்கனில் எச்டி என்ற புலம் வரும். உங்கள் டொமைனோடு அதைச் சர்வரில் ஒப்பிடுங்கள். கோரிக்கையிலும் எச்டி என்ற அளவுருவை அனுப்பலாம், ஆனால் அது கணக்குத் தேர்வுத் திரையை எளிதாக்க மட்டுமே. உலாவி வழியாகப் போவதால் பயனர் அதை நீக்கிவிட முடியும்.

12. மைக்ரோசாஃப்டுக்கு இஷ்யூயர் முகவரியில் காமன் என்று போட்டால் சர்வர் தொடங்கவே மறுக்கிறது. கீகிளோக்கை டாக்கரில் ஓட்டும்போதும் இதே நிலை.

டோக்கனை வெளியிடுபவரைக் குறிக்கும் இஷ்யூயர் முகவரியைக் கொடுத்திருந்தால் ஸ்பிரிங் பூட் தொடங்கும்போதே அந்த முகவரிக்குப் போய் வழங்குநரின் விவரக் கோப்பைப் படிக்கும். அதில் எழுதியிருக்கும் இஷ்யூயரும் நீங்கள் கொடுத்ததும் ஒன்றாக இல்லாவிட்டால் நின்றுவிடும். எல்லா நிறுவனத்தாருக்கும் பொதுவான காமன் முகவரியின் கோப்பில் நிறுவன ஐடி வர வேண்டிய இடம் நிரப்பப்படாமல் இருப்பதால் அது ஒருபோதும் பொருந்தாது. ஒரே நிறுவனத்துக்கான தளம் என்றால் காமனுக்குப் பதிலாக அந்நிறுவனத்தின் ஐடியைப் போடுங்கள். பல நிறுவனத்தார் வர வேண்டும் என்றால் இஷ்யூயரை விட்டுவிட்டு ஆத்தரைசேஷன், டோக்கன், கையொப்பச் சாவிகள் ஆகியவற்றின் முகவரிகளைத் தனித்தனியே கொடுக்கலாம். ஆனால் அப்போது ஸ்பிரிங் இஷ்யூயரைச் சோதிக்காது என்பதால், அந்தச் சோதனையையும் எந்தெந்த நிறுவனங்களை ஏற்பது என்ற பட்டியலையும் நீங்களே எழுத வேண்டும்.

கீகிளோக்கில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. கீகிளோக் எழுந்து முடிப்பதற்குள் உங்கள் செயலி தொடங்கியிருக்கும். அல்லது செயலிக்குக் கீகிளோக்கின் கன்டெய்னர் பெயரும் உலாவிக்கு லோக்கல்ஹோஸ்டும் தெரிந்திருக்கும், அதனால் இஷ்யூயர் இரண்டாகிவிடும். முன்னதற்கு ஹெல்த் செக் வைத்துக் காத்திருக்கச் செய்யுங்கள். பின்னதற்கு இருவரும் ஒரே பெயரில் கீகிளோக்கை அடையும்படி செய்து, அந்தப் பெயரையே கீகிளோக்கின் ஹோஸ்ட்நேம் அமைப்பிலும் கொடுங்கள்.

13. ஆப்பிள் மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

அது மூன்று இடங்களில் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது. சீக்ரெட் ஒரு நிலையான சொல் அல்ல. ஆப்பிள் தரும் தனிச் சாவியால் நீங்களே கையொப்பமிட்டு உருவாக்கும் டோக்கன், அதன் ஆயுள் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சாவிக் கோப்பை ஒருமுறை மட்டுமே பதிவிறக்க முடியும். அடுத்து, பெயரோ மின்னஞ்சலோ கேட்டால் ஆப்பிள் விடையைப் போஸ்ட் கோரிக்கையாக அனுப்பும். வெளித் தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு லேக்ஸ் குக்கி வராததால் 7ஆம் கேள்வியின் பிழை வரும், பிற தளங்களிலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுப்பதற்கான ஸ்பிரிங்கின் சிஎஸ்ஆர்எஃப் வடிகட்டியும் அதைத் தடுக்கும். குக்கியை சேம்சைட் நன், செக்யூர் என்று மாற்றி, திரும்பி வரும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் சிஎஸ்ஆர்எஃப் விலக்குத் தாருங்கள். அங்கே ஸ்டேட் அதே காவலைச் செய்கிறது.

மூன்றாவது, பயனரின் பெயர் முதல்முறை ஒப்புதல் தரும்போது மட்டுமே வரும். அப்போதே சேமிக்காவிட்டால் மறுபடி கிடைக்காது. சோதனைக்காக மீண்டும் பெற வேண்டுமானால் ஆப்பிள் கணக்கின் அமைப்புகளில் உங்கள் செயலியின் அனுமதியை நீக்கிவிட்டுப் புதிதாக வர வேண்டும். பயனர் தன் முகவரியை மறைத்தால் உண்மையான மின்னஞ்சலுக்குப் பதில் ஆப்பிளின் இடைமுகவரி வரும் என்பதையும் எதிர்பாருங்கள்.

14. மொபைல் செயலிக்குள் வெப்வியூவில் கூகுள் உள்நுழைவு திறக்க மறுக்கிறது. என்ன செய்வது?

கூகுள் 2021 முதல் அதைத் தடுத்திருக்கிறது. செயலிக்குள்ளேயே வலைப்பக்கத்தைக் காட்டும் சாளரமாகிய வெப்வியூவைத் திறந்த செயலி, அதில் பயனர் தட்டச்சிடும் கடவுச்சொல்லைப் படிக்க முடியும் என்பதே காரணம். சாதனத்தின் உண்மையான உலாவியையோ கஸ்டம் டேப்ஸையோ பயன்படுத்தி, சீக்ரெட் இல்லாமலே குறியீட்டைக் காக்கும் பிகேசிஇ முறையோடு அமையுங்கள். செயலிக்குள் சீக்ரெட்டை வைக்காதீர்கள், செயலியைப் பிரித்துப் பார்ப்பவர் யாரும் அதை எடுத்துவிடலாம்.

15. எங்கள் தளத்தில் வெளியேறினேன். மறுபடி பொத்தானை அழுத்தினால் எதுவும் கேட்காமல் உள்ளே விடுகிறது. இது பாதுகாப்புக் குறையா?

நீங்கள் முடித்தது உங்கள் தளத்தின் செஷனை மட்டுமே. கூகுளில் அவர் இன்னும் உள்நுழைந்தே இருக்கிறார். தன் கணினியில் இருப்பவருக்கு இது இயல்பானது. பொதுக் கணினிகளில் பயன்படும் தளமானால், கீகிளோக், மைக்ரோசாஃப்ட் ஆகியவை வழங்கும் வெளியேற்ற முகவரிக்கும் பயனரை அனுப்பும்படி ஸ்பிரிங்கில் அமைக்கலாம். கூகுள் அப்படியொரு முகவரியைத் தருவதில்லை. அங்கே ப்ராம்ப்ட் அளவுருவில் செலக்ட் அக்கவுண்ட் என்று கொடுத்துக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் திரையையாவது காட்டச் செய்யுங்கள்.

16. பயனர் தன் கூகுள் கணக்கை இழந்துவிட்டால் எங்கள் தளத்தில் உள்ள அவருடைய கணக்கு என்னவாகும்?

நீங்கள் வேறு வழி வைக்காவிட்டால் அவரால் உள்ளே வரவே முடியாது. எனவே 8ஆம் விடையில் சொன்ன தனி அட்டவணை இங்கே உதவும். உள்நுழைந்திருக்கும் பயனரை இரண்டாவது வழங்குநர் ஒருவரையோ கடவுச்சொல்லையோ சேர்த்துக்கொள்ளத் தூண்டுங்கள். கடைசியாக மீதமிருக்கும் ஒரே வழியை அவர் நீக்க முயன்றால் தடுத்து விளக்குங்கள். மின்னஞ்சல் மீட்பைச் சேர்ப்பதானால், வழங்குநர் சொன்ன முகவரிக்கு அல்ல, நீங்களே இணைப்பு அனுப்பிச் சரிபார்த்த முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். இழந்தவர் ஆதரவுக் குழுவுக்கு எழுதினால், மின்னஞ்சல் பொருந்துகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஊழியர் யாரும் கணக்கை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வைத்துவிடுங்கள்.